ஆறு, நாலரை, மூன்றரை: பழைய காரின் புகையில் ஒரு சிங்கப்பூர் வரலாறு

ஆசிரிய நண்பர்களே, சுற்றுச்சூழல் பாடத்தில் 'வாகனப் புகை' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் ஐம்பது வருஷச் சிங்கப்பூர் வரலாறு ஒளிந்திருக்கிறது. அதை எடுத்து வகுப்பில் வைக்க உங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

மூன்று எண்களிலிருந்து தொடங்குவோம். ஒரு பழைய பெட்ரோல் காரைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனால், புகைக்குழாய்க்குள் ஒரு குழலைச் செருகி, வெளியே வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். எவ்வளவு வரைக்கும் விடுவார்கள்? வண்டி 1986 அக்டோபர் 1க்கு முன்னால் பதிவானது என்றால் 6 விழுக்காடு. அந்தத் தேதிக்கும் 1992 ஜூன் கடைசிக்கும் நடுவில் பதிவானது என்றால் 4.5. 1992 ஜூலை 1 முதல் பதிவானவற்றுக்கு 3.5 என்று வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு கார்கள், ஒரே அளவு புகை விடுகின்றன. ஒன்று பாஸ், இன்னொன்று ஃபெயில். "இது என்ன நியாயம்?" என்று மாணவர் கேட்டால் நல்ல கேள்விதான். சட்டம் அந்தக் காரிடம் கேட்பது, நீ பிறந்தபோது உன்னால் என்ன முடிந்ததோ அதைச் செய் என்று. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் அந்தந்தக் காலத்து என்ஜினும் பெட்ரோலும் இருக்கின்றன.

புகைக்கு முந்தைய காலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோம். தேக்காவைச் சுற்றி நடந்தாலே போதும். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் எருமையைச் சொல்கின்றன. பிலிலியோஸ் ரோடு ஒரு கால்நடை வியாபாரியின் பெயர். சிராங்கூன் சாலையில் சரக்கை இழுத்தது மாட்டுவண்டி. 1896ல் முதல் மோட்டார் கார் சிங்கப்பூருக்கு வந்திறங்கியது, ஜெர்மனியின் பென்ஸ். மாட்டுக்கும் காருக்கும் நடுவே பல பத்தாண்டுகள் இரண்டும் ஒன்றாகவே ஓடின. அப்போது தெருவின் பிரச்சினை சாணம்தான். புகையை யாரும் அளக்கவில்லை.

அளக்கத் தொடங்கிய காலம் 1970. அந்த ஆண்டு தூய்மைக்கேட்டுத் தடுப்புப் பிரிவு ஒன்று பிரதமர் அலுவலகத்தின் நேரடிப் பொறுப்பில் அமைக்கப்பட்டது. 1971ல் தூய காற்றுச் சட்டம், 1972ல் சுற்றுப்புற அமைச்சு. இந்தச் சட்டத்தின் கண் முதலில் பட்டது தொழிற்சாலைப் புகைக்கூண்டுகள்மேல். ஜூரோங்கில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. கார்களைப் பொறுத்தவரை அன்றைய பெரிய தலைவலி நெரிசல். 1975 ஜூன் 2ஆம் தேதி காலையில் நகர மையத்துக்குள் நுழையும் கார்கள் 3 வெள்ளிக்கு வில்லை வாங்கி முகப்புக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்ற வட்டார உரிமத் திட்டம் வந்தது. அதே ஆண்டுக் கடைசியில் இன்னொரு திட்டமும் வந்தது. பழைய காரைக் குறித்த வயதுக்குள் பதிவிலிருந்து எடுத்துவிட்டால், அடுத்து வாங்கும் வண்டியின் பதிவுக் கட்டணத்தில் சலுகை. இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். நம் கதையின் முக்கியப் பாத்திரம் அதுதான்.

1981ல் வைகாம் நிறுவனம் உருவாகி, அடுத்த ஆண்டு சின் மிங்கில் பரிசோதனை நிலையம் திறந்தது. பிரேக், விளக்கு, டயர், புகை எல்லாவற்றையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். பாஸ் ஆனால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். இப்போதுள்ள கணக்குப்படி மூன்று வயது வரை காருக்குச் சோதனை கிடையாது. மூன்றிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும். மனுஷனுக்கு நாற்பதுக்கு மேல் மருத்துவர் சொல்கிற மாதிரிதான்.

சரி, அந்த 6 விழுக்காட்டுக் காரை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே கார்புரேட்டர் இருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற பாகம். பெட்ரோல் அதிகமாகி காற்று குறைந்தால் எரிப்பு அரைகுறையாகும். கார்பன் டைஆக்சைடாக வர வேண்டியது கார்பன் மோனாக்சைடாக வரும். மெக்கானிக் இதை 'ரிச்சா ஓடுது' என்பார். ஆகவே இந்தக் காரைச் சோதனைக்குத் தயார்செய்வது கையும் காதும் சார்ந்த வேலை. தூசி அடைத்த காற்று வடிகட்டியை மாற்று, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய், சோக் முழுசா திறக்கிறதா என்று பார், பிறகு கலவைத் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, என்ஜின் சத்தம் ஒரே சீராக வரும்வரை கேள். ஒரு ஸ்க்ரூடிரைவரில் முடிகிற காரியம். அதனாலேயே இதில் ஒரு தில்லுமுல்லும் உலகம் முழுக்க உண்டு: சோதனைக்காக மட்டும் கலவையைக் குறைத்துவிட்டு, பாஸ் ஆன மறுநாள் 'இழுக்க மாட்டேங்குது' என்று பழையபடி திருப்பிவிடுவது. கார்புரேட்டர் காலத்துச் சோதனையின் ஓட்டை இது. ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் திருகையே எடுத்துவிட வேண்டும். 1992 அதைத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன் பெட்ரோலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்கா போய்த் திரும்பலாம். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்தால் என்ஜின் 'டக் டக்' என்று தட்டுவது நிற்கிறது என்று கண்டார். அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்துக் கார்கள் ஈயத்தைக் காற்றில் தூவின. 1950களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் காரணம் என்று ஹாகன்ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அதே காலத்தில் யூஜீன் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கி மாற்றியை உருவாக்கினார். அது எடுபடவில்லை. பெட்ரோலில் இருந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. 1975ஆம் ஆண்டுக் கார்களில்தான் அமெரிக்காவில் அது பரவலாக வந்தது, கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும். வகுப்பில் இந்த வரிசையை வலியுறுத்திச் சொல்லுங்கள்: கருவி இருபது வருஷம் முன்பே தயார், எரிபொருள் தயாராகும்வரை அது காத்துக்கிடந்தது.

சிங்கப்பூர் அதே வரிசையைத்தான் பின்பற்றியது. பெட்ரோலில் லிட்டருக்கு 0.84 கிராம் ஈயம் இருந்தது 1980ல். படிப்படியாகக் குறைத்து 1987ல் 0.15க்குக் கொண்டுவந்தார்கள். 1991 ஜனவரியில் ஈயமில்லாப் பெட்ரோல் நிலையங்களுக்கு வந்தது. அதன்மேல் வரியைக் குறைத்து, ஈயம் கலந்ததைவிட மலிவாக்கினார்கள். நம்ம ஆளுக விலையைப் பார்த்துத்தான் பம்பைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும்! (ஜொகூருக்குப் போகும் வண்டியில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி வந்ததும் 1991தான், 1989ல் அரை டாங்க் போதும் என்றிருந்தது.) எரிபொருள் தயாரானதும், 1992 ஜூலை முதல் பதிவாகும் பெட்ரோல் கார்கள் வினையூக்கி மாற்றி இல்லாமல் எட்ட முடியாத தரத்தை எட்ட வேண்டும் என்றானது. 1998 ஜூலை 1ல் ஈயப் பெட்ரோல் முழுசா நின்றுபோனது.

ஒப்பிட்டுப் பார்க்க ஊர்க் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை உட்பட இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது 1995 ஏப்ரலில். நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் என்பது 2000 பிப்ரவரியில். உலகத்தின் கடைசி நாடாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021ல். மிட்ஜ்லியின் கண்டுபிடிப்புக்குச் சரியாக நூறு ஆண்டு.

ஈயம் போனதில் பழைய கார்காரர்களுக்கு ஒரு கவலை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். வால்வு வந்து உட்காரும் வளையம் தேயாமல் அந்த ஈயம் ஒரு மெல்லிய பூச்சாகக் காத்துவந்தது. ஈயம் இல்லாமல் ஓடினால் வளையம் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், என்ஜின் வலுவிழக்கும். தீர்வு, என்ஜின் தலைப்பகுதியைக் கழற்றி உறுதியான வளையம் போடுவது. அல்லது மாற்றுச் சேர்மானத்தைப் பெட்ரோலோடு ஊற்றிக்கொள்வது. அறுபதுகளின் காரைப் பாதுகாத்து வைத்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள், முதலில் இதைத்தான் சொல்வார்.

இனி 3.5 விழுக்காட்டுக் கார். இதில் திருகு இல்லை. ஆக்சிஜன் உணரி புகையை முகர்ந்து பார்த்துக் கணினிக்குச் சொல்லும். கணினி ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைக் காக்கும். அந்த விகிதத்தில்தான் மாற்றி நன்றாக வேலை செய்யும். அதன் உள்ளே தேன்கூடு மாதிரிப் பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம். கார்பன் மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாகிறது, எரியாத பெட்ரோல் ஆவி நீரும் கார்பன் டைஆக்சைடுமாகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் மறுபடி நைட்ரஜனாகின்றன. வேதியியல் ஆசிரியரோடு சேர்ந்து நடத்த ஏற்ற இடம்.

பதினைந்து வயதுக் கார் ஃபெயில் ஆனால் பலரும் நேரே மாற்றியைத்தான் குறைசொல்வார்கள். விலை உயர்ந்த உலோகம், புதுசு போட்டால் பர்ஸ் பழுக்கும். ஆனால் மாற்றி தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் யாரோ கொன்றிருப்பார்கள். ஸ்பார்க் பிளக் பழுதாகி எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் தேன்கூடு உருகும். பிஸ்டன் வளையம் தேய்ந்து எண்ணெய் எரிந்தால் அதன் சாம்பல் அடைக்கும். உணரி வயதாகித் தப்பாகச் சொன்னால் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது மாற்றி போட்டால் அதுவும் அதே வழியில் போகும். விவரமான மெக்கானிக் முதலில் உணரியையும் பிளக்கையும் பார்ப்பார், மாற்றியைக் கடைசியில்தான் தொடுவார். இன்னொன்று: சுமார் 300 டிகிரி சூடு ஏறாவிட்டால் மாற்றி வேலையே செய்யாது. ஆறிய வண்டியோடு சோதனைக்குப் போகக்கூடாது, கொஞ்ச தூரம் ஓட்டிப் போக வேண்டும். வரிசையில் நிற்கும்போது சூடாக்கலாமே என்று தோன்றும். ஆனால் நிறுத்தி வைத்த வண்டியில் என்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம்.

என் கருத்து ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள மாற்றி வேலை செய்யும் காரில் கார்பன் மோனாக்சைடு அரை விழுக்காட்டுக்கும் கீழேதான் வரும். அப்படியானால் 3.5 என்பது தாராளமான எல்லை. மாற்றி பாதி செத்த வண்டிகூட அதில் தப்பிவிடலாம். பழைய காரின் புகையைப் பொறுத்தவரை சிங்கப்பூர்ச் சட்டம் கண்டிப்பாக இருந்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எப்படிச் சிராங்கூன் சாலையில் நீலப் புகை விடும் காரைப் பார்ப்பது அரிதாகிப் போனது?

பழைய காரே அரிதாகிப் போனதால். 1975ல் வந்த அந்தச் சலுகையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? பத்து வயதுக்குள் வண்டியைக் கைவிட்டால் பணம் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பத்தைத் தாண்டினால் அந்தச் சலுகை போச்சு. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்து இதை இறுக்கிவிட்டது. வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பத்து ஆண்டு ஆயுள். அதற்குமேல் ஓட்ட வேண்டும் என்றால் கடந்த மூன்று மாதங்களின் ஏலச் சராசரியைக் கட்டி, ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கணும். ஐந்து எடுத்தால் அத்தோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது. சாலை வரியும் பத்து வயதுக்குமேல் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூடி, 50 விழுக்காட்டில் போய் நிற்கும். புகைக்குழாயில் செருகும் குழலைவிட இந்தக் கணக்குக்குத்தான் பலம் அதிகம். பெரும்பாலான கார்கள் ஃபெயில் ஆகும் வயதை எட்டுவதே இல்லை. அதற்கு முன்பே உடைக்கப்படுகின்றன, அல்லது கப்பலேறி வேறு நாட்டில் ஓடுகின்றன. நம் தெருவில் குறைந்த புகையில் ஒரு பங்கு இன்னொருவர் தெருவில் எழுகிறது என்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. உலகெங்கும் பழைய கார் ஏற்றுமதி எவ்வளவு பெரியது என்று ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2020ல் தனி அறிக்கையே வெளியிட்டது.

ஏலம் ஏறினால் இந்தக் கணக்கு தலைகீழாகும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. சிறிய கார்களுக்கு 106,000. புது வண்டி எட்டாத உயரத்துக்குப் போகும்போது, 'உள்ளதைப் பழுது பார்த்து ஓட்டுவோம்' என்ற எண்ணம் வரத்தானே செய்யும்? அப்போது காக்கி புக்கிட்டிலும் ஊபியிலும் சின் மிங்கிலும் உள்ள பட்டறைகளுக்கு வேலை வருகிறது. ஒருகாலத்தில் இந்த வேலையின் உதிரிபாகங்களுக்கு மக்கள் தேடிப்போன இடம் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரம். அதன் அருகே பழைய பொருள்கள் குவிந்து கிடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது.

காரைவிட உரசல் அதிகம் வந்தது மோட்டார் சைக்கிளில். 'பிறந்த தேதிக்கு ஏற்ற சட்டம்' என்ற பழைய பெருந்தன்மை அங்கே முடிவுக்கு வந்தது. 2003 ஜூலை 1க்கு முன்பு பதிவான சுமார் 27,000 மோட்டார் சைக்கிள்களைக் குறிவைத்து 2018 ஏப்ரல் 6ல் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுக்குள் பதிவை ரத்து செய்தால் 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை. 2023 ஏப்ரல் 6 முதல் இந்த வண்டிகளுக்குப் புதிய எல்லை: கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடு, எரியாத ஹைட்ரோகார்பன், இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குப் பத்து லட்சத்தில் 7,800 பங்கு, நான்கு ஸ்ட்ரோக்குக்கு 2,000. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் எண்ணெயையும் பெட்ரோலையும் சேர்த்தே எரிக்கும். வெஸ்பாவின் அந்த வாசனையும் நீலப் புகையும் அங்கிருந்துதான். கரியைச் சுரண்டி, எண்ணெய்ப் பம்பைச் சரிசெய்து, புகை குறைந்த எண்ணெய் ஊற்றி ஓரளவு குறைக்கலாம்.

ஆனால் இந்தத் தடவை பழுதுபார்ப்புக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. சோதனையில் பாஸ் ஆனாலும், 2028 ஜூன் 30க்குப் பிறகு இந்த வண்டிகள் சாதாரணப் பதிவில் சாலைக்கு வர முடியாது. நிற்பதற்கு ஒரே நிழல் பழம்பெரும் வாகனத் திட்டங்கள்; அவற்றில் 'கிளாசிக்' வகைக்கு வண்டிக்கு 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஆண்டில் குறிப்பிட்ட சில நாள் மட்டுமே ஓட்டலாம். விடியற்காலையில் வேலைக்குப் போகும் ஒருவருக்கு அது எந்த வகையிலும் உதவாது. காற்றுக்கு நல்லது, சரிதான். கார்காரருக்குக் கிடைத்த பெருந்தன்மை, அவரைவிட வசதி குறைந்த பைக்காரருக்கு ஏன் கிடைக்கவில்லை? மேல்நிலை வகுப்பில் இதை ஒரு விவாதத் தலைப்பாக வையுங்கள். ஹைட்ரோகார்பன் அளவைச் சொல்லி அரசின் பக்கம் ஒரு குழுவும், வருமானத்தைச் சொல்லி ஓட்டுநர் பக்கம் ஒரு குழுவும் பேசட்டும். இரண்டு பக்கமும் பலமாகவே இருக்கும்.

விவாதத்துக்குச் சில சொற்கள் தேவைப்படும். 'எமிஷன்' என்பதற்கு வெளியேற்றம், புகை வெளியேற்றம் என்று நம் நாளிதழ்களில் வருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு வினையூக்கி மாற்றி பாடநூலுக்குப் பொருந்தும். பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. சைலன்சர், பிளக், கார்புரேட்டர் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மாணவர் தன் வீட்டு வண்டியைப் பற்றி அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டு எழுதப்போகும்போது, அவர்கள் வாயில் வருவது அந்தச் சொற்கள்தான். கேட்டு வரச் சொல்ல ஒரு கேள்வி போதும்: உங்கள் வீட்டு வண்டி பதிவான தேதி என்ன? 2014 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் என்றால் யூரோ 4, 2017 செப்டம்பருக்குப் பிறகு என்றால் யூரோ 6. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். மின்சார வண்டியில் குழலைச் செருகப் புகைக்குழாயே இருக்காது.